ஆமை மதகுத் திறப்பு விழா

கடலோர உயிரின மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகம் மன்னார்குடியில் இருந்தது. கடல் அங்கிருந்து வெகுதூரம். அலுவலகத்தைக் கடற்கரையில் வைத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு வாரியம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. கடற்கரையில் கட்டடம் கட்டினால் ஆமைகளுக்கு இடைஞ்சல். தவிர, மன்னார்குடியில் பெரிய தெப்பக்குளம் இருக்கிறது. சாயங்காலம் அதன் கரையில் நின்று கொஞ்சம் காற்று வாங்கினால் கடலோரத்தில் பணிபுரிகிற உணர்வு வந்துவிடுகிறது என்று அதிகாரிகளே சொல்கிறார்கள்.

அலுவலகத்துக்கு அழகாக ஒரு சிமெண்ட் ஆமை செய்யச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் வைப்பதாகத்தான் திட்டம். ஆனால் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. வாரியத்துக்குள் அமீனா ஏற்கெனவே புகுந்திருந்தார். ஏதோ பழைய வழக்கில் கோர்ட் உத்தரவோடு வந்து, நாற்காலிகளை ஜப்தி செய்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். இரண்டில் ஒன்று நடந்துவிட்ட நிலையில் மற்றதையும் நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று கூட்டம் போட்டு விவாதித்தார்கள். முடிவில் சிமெண்ட் ஆமை வாசலுக்கு வெளியே, முதுகை அலுவலகத்துக்குக் காட்டியபடி வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து வாரியத்தில் யாரும் ஆமைக்குப் பக்கத்தில் போவதில்லை. இயற்கையில் தலையிடாமைதான் எங்கள் கொள்கை என்று அறிக்கை விட்டார்கள். தொடுகிற வேலை, தூக்குகிற வேலை, விடியற்காலையில் எழுந்து மணலில் நடக்கிற வேலை எல்லாம் தன்னார்வலர்களுடையது.

அப்படி ஒரு தன்னார்வலர்தான் ஐயாவு. அவர் மீனவர் அல்ல, மருதவாடியில் நெல் போடுகிறவர். ஆறு கிளையாகி, கிளை வாய்க்காலாகி, வாய்க்கால் வெறும் ஈரமாகிப் போகிற இடத்தில் இருக்கிறது மருதவாடி. அதற்கு அப்புறம் உப்புத்தரை, அதற்கு அப்புறம் கடல். அணையில் தண்ணீர் திறந்த செய்தி ஐயாவுக்கு டிவியில் வரும். தண்ணீர் வருவதற்குள் டிவியில் வேறு செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

தை அறுவடை முடிந்திருந்தது. அறுப்புக்கு முன்னால் தெளித்துவிட்ட உளுந்து அதுபாட்டுக்கு முளைத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு வேலை இல்லை. ஒரு விடியற்காலை நல்ல மீன் வாங்கலாமென்று நொச்சித்திட்டுக் கரைக்குப் போனவர், மணலில் ஏதோ படகு கவிழ்ந்து கிடப்பதாக நினைத்துக் கிட்டே போனார். படகு அசைந்தது.

பங்குனி ஆமை என்று சொல்கிற கடலாமை. பின்கால்களால் குழி பறித்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து கோடாக நீர் வடிந்தது. முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, உடம்பால் தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டு, வந்த வழியே கடலுக்குப் போனது. ஐயாவு வாயைத் திறந்தபடி நின்றார்.

மீன்கூடையோடு வந்த எல்லையம்மாள் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தக் கரையில் மீன் வியாபாரம் செய்கிறவள், ஆமைக் குழுவிலும் இருப்பவள்.

"அவ்ளோதாண்ணே. பெத்துப் போட்டுட்டுப் போயிடும். இனிமே திரும்பி வராது."

"அப்ப இதுங்கள யாரு பாத்துக்கிறது?"

"நரி பாத்துக்கும், நாய் பாத்துக்கும். அதுங்களுக்கு முன்னாடி நாம எந்திரிச்சா நாம பாத்துக்கலாம்."

மீன் வாங்க வந்தவர் அன்று மீன் வாங்கவில்லை. ஒரு தாய் தன் கண் முன்னாலேயே பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, தன்னை ஒரு பார்வையும் பார்த்துவிட்டுப் போனதாக அவருக்குத் தோன்றிவிட்டது. ஆமை உண்மையில் அவரைப் பார்த்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் ஐயாவு மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

குழுவை நடத்தியவர் கவிப்ரியா, கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர். முட்டைகளை எடுத்து, வேலி போட்ட மணல்திட்டில் அதே ஆழத்தில் புதைத்துக் காவல் காப்பார்கள். அதற்குப் பொரிப்பகம் என்று பெயர். குஞ்சுகள் மேலே வந்ததும் அதே வேகத்தில் கடலில் விடுவார்கள். இதில் கஷ்டமே கிடையாது. விழாவும் கிடையாது. வாரியத்தின் கண்ணை உறுத்தியது இந்த இரண்டாவது விஷயம்தான்.

வாரியத்தின் புதிய இணை இயக்குநராக உலகநாதன் வந்து சேர்ந்தார். ஆற்றுப் பாசனத்தில் முப்பது வருடம் இருந்தவர். மதகு, ஷட்டர், தலைமடை, கடைமடை இவை தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் ஏற்பட்டதில்லை. பொரிப்பகத்துக்கு முதல் தடவை வந்தபோது வேலிக்கு வெளியே, நல்ல தூரத்தில் நின்றுகொண்டார்.

"இங்கேருந்து கடலுக்கு மட்டம் எப்படி? சரிவு இருக்கா?"

"சரிவுதான் சார்" என்றார் கவிப்ரியா.

"அப்ப இது தலைமடை, கடல் கடைமடை. ஒரு நேரத்துல எவ்வளவு விடுறீங்க?"

"எந்தக் குழி பொரிக்குதோ அதை விட்டுடுவோம் சார்."

உலகநாதன் முகம் வாடியது. "எது வருதோ அதையா? அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல மேடம், உடைப்பு. முறை வைக்கணும். இந்த வாரம் வடக்குக் குழி, அடுத்த வாரம் தெற்குக் குழி. முறை வச்சுத் திறந்தாத்தான் நிர்வாகம்னு ஒண்ணு இருக்குன்னு வெளியில தெரியும்."

மறுநாளே வடக்குக்குப் பச்சைக்கொடி, தெற்குக்குச் சிவப்புக்கொடி நடப்பட்டது. அந்த வாரமே தெற்கில் ஒரு குழி பொரித்துவிட்டது. வழக்கம்போல விடியலில் குஞ்சுகளைக் கடலில் விட்ட ஐயாவை மன்னார்குடிக்கு விளக்கம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் சிமெண்ட் ஆமையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். நாற்காலிகள் இன்னும் திரும்பி வராததால் நின்றுகொண்டே பேசினார்கள்.

"சிவப்புக்கொடி இருக்கறப்ப எப்படிங்க பொரிச்சுது?"

"குஞ்சுக்குத் தெரியலைங்க சார்."

"தெரியலன்னா சொல்லிக்கொடுக்கணும். அதுக்குத்தானே தன்னார்வலர்? நீங்களும் விவசாயிதானே, முறைன்னா என்னன்னு தெரியாதா?"

"தெரியுங்க சார். எங்க முறைக்கு நாங்க காத்துக்கிட்டேதான் இருக்கோம்."

உலகநாதன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா, அந்தப் பொறுமைதான் ஆமைக்கு வரணும்."

ஐயாவு பஸ் ஏறும்வரை யோசித்துப் பார்த்தார். தான் என்ன தப்பு செய்தோம் என்று விளங்கவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது, தெற்குக் குழிகளுக்கு முன்னால் போய் நின்று, "கொஞ்சம் பாத்துச் செய்யுங்கப்பா" என்று குனிந்து சொல்லிவிட்டு வந்தார். சொல்லவில்லை என்ற பழி வரக்கூடாதல்லவா?

பங்குனி பாதியில் வாரியம் பெருவிழாவை அறிவித்தது. வாரியத் தலைவரே நேரில் வந்து குஞ்சுகளைத் திறந்துவிடுவார். கையால் எடுத்து விடுவதாக முதலில் யாரோ எழுதிவிட்டார்கள். தலைவர் பதறிப்போய்ப் போன் செய்தார். நான் என் வீட்டில் நல்லா இருப்பது உனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். அதனால் உலகநாதன் தன் முப்பது வருட அனுபவத்தையும் திரட்டி ஒரு மதகு கட்டினார்.

பொரிப்பகத்தின் ஓரமாக மணல்மூட்டைகளை வட்டமாக அடுக்கி ஒரு தேக்கம். தேக்கத்தின் வாயில் இரும்பு ஷட்டர். ஷட்டரிலிருந்து நீலத் தார்ப்பாய் விரித்த வாய்க்கால். வாய்க்கால் நேராகக் கடலுக்குப் போயிருந்தால் சீக்கிரம் போய்விடும். அதனால் மேடைக்கு முன்னால் ஒரு வளைவு, முக்கியஸ்தர்கள் வரிசைக்கு முன்னால் ஒரு வளைவு, நிருபர்களுக்காக ஒரு வளைவு என்று சுற்றிவிட்டு, களைத்துப்போய்க் கடலைத் தொட்டது. ஷட்டர் பக்கத்தில் கறுப்புக் கல்வெட்டு. அதில் ஆமை என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. தலைவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டால் என்ன ஆவது? 'கடல்வாழ் பயனாளிகள்' என்று பொறித்திருந்தார்கள்.

தேக்கத்தைக் காக்க ஒரு லஸ்கரையும் கொண்டுவந்தார். பாசனத்தில் மதகுக்குக் காவல் இருக்கும் ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். குழந்தைராஜ் என்ற அந்த லஸ்கர் ஷட்டர் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முறையில்லாமல் யாராவது திறந்துவிடுவார்களோ என்று கடற்கரையில் நடக்கிற ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

விழா நாள் வந்தது. மாலை நான்கு மணிக்குத் தலைவர். ஆனால் விடியும்போதே ஒரு குழியின் மணல் கொப்பளித்தது. முதலில் ஒரு தலை, பிறகு ஒரு துடுப்பு, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கூட்டமாகக் குஞ்சுகள். ஐயாவு முதன்முதலில் பார்த்தாரே, அந்த ஆமையின் குழி.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷத்தில் எல்லையம்மாளின் கூடையைத் தட்டிவிட்டார். கவிப்ரியா உலகநாதனுக்குப் போன் செய்தார்.

"அருமை! தேக்கி வைங்க மேடம்."

"சார், இப்பவே விட்டாகணும். பொரிச்ச வேகம் ஒரு நாளைக்குத்தான் இருக்கும். அந்த வேகத்துலதான் அலையைத் தாண்டி நீந்தும். வெயில் வேற. சாயங்காலம்வரைக்கும் வச்சிருந்தா பாதி துவண்டுடும், சில செத்தும் போகும்."

"ஆவியாதல் இழப்பு எல்லாத்துலயும் உண்டு மேடம். அணையில இல்லாததா? அதைக் கணக்குல எடுத்துக்கிட்டுத்தான் திறப்போம்."

"சார், இது தண்ணி இல்ல, உயிர்."

"தண்ணிதான் மேடம் உயிர். அதையே நாங்க தேக்கிக் காமிச்சவங்க. இதப் பாருங்க, தலைவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு குஞ்சு வெளியில போனாலும் பொரிப்பகத்துக்கு அனுமதி ரத்து. வேலியைப் பிரிச்சு எடுத்துடுவேன். அடுத்த வருஷம் நீங்க யாரும் கரைப்பக்கமே வர முடியாது."

போன் வைக்கப்பட்டது. வேலிக்குள்ளே இன்னும் எத்தனையோ குழிகள் பொரிக்காமல் கிடந்தன. வேலி போனால் அவ்வளவும் நரிக்கும் நாய்க்கும்தான். இப்போது விட்டால் அந்த முட்டைகள் போகும், விடாவிட்டால் இந்தக் குஞ்சுகள் போகும். மூன்று பேரும் குஞ்சுகளைத் தேக்கத்துக்குள் விட்டு, மேலே கீற்று வேய்ந்து, ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். ஐயாவு பகல் முழுக்கக் கடல்தண்ணீர் கொண்டுவந்து சாக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பார். எல்லாம் மூட்டையை முட்டி முட்டி, கடல் இருக்கும் பக்கமாகவே ஏறப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யோவ், அடிக்கடி தொறக்காதய்யா, கசிவு ஏற்படும்" என்று லஸ்கர் அதட்டினார்.

நான்கு மணிக்குப் பந்தல் நிறைந்தது. நாதஸ்வரம் இரண்டு தடவை மங்கள இசை வாசித்து முடித்தது. தலைவர் வரவில்லை. நீடாமங்கலத்தில் ஒரு காதுகுத்தில் இருக்கிறார் என்றார்கள். காது குத்தியாகிவிட்டது, சாப்பிடுகிறார் என்றார்கள். புறப்பட்டுவிட்டார் என்றார்கள். கடைசியாக நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறார் என்று சேதி வந்ததும் கூட்டமே பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தது. மூடினால் எளிதில் திறக்காத அந்தக் கேட்டைத் தெரிந்த யாருக்கும் தலைவர்மேல் கோபம் வராது.

பொழுது சாயும் நேரத்தில் ஐயாவு சாக்கைத் தூக்கியபோது சில குஞ்சுகள் முட்டுவதை நிறுத்திவிட்டு, தலையை மணலில் வைத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். துடுப்பு மெல்ல ஒரு தடவை அசைந்து நின்றது.

"எல்லையம்மா" என்றார். "நம்மகிட்ட நம்பி விட்டுட்டுப் போச்சு."

"என்னண்ணே செய்யலாங்கற?"

ஐயாவு லஸ்கரைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிற்று. ஆமையைப் பற்றி அவருக்கு இந்த வருடம்தான் தெரியும். லஸ்கர்களைப் பற்றிப் பிறந்ததிலிருந்து தெரியும். லஸ்கர் டீ குடிக்கப் போகிற நேரம்தான் மருதவாடிக்காரனின் முறை. அந்த நேரத்தில் கரையை எங்கே வெட்டினால் தண்ணீர் சத்தமில்லாமல் தன் வயலுக்குத் திரும்பும், மறுபடி எப்படி மூடினால் வெட்டின தடம் தெரியாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பொதுக்கல்வி.

"இவரு டீ குடிப்பாரா?"

"டீயா? காலையிலேருந்து எங் கூடையத்தான் பாக்குறாரு" என்றாள் எல்லையம்மாள். பந்தலுக்குப் பின்னால் போய் அடுப்பை மூட்டினாள். சற்று நேரத்தில் வஞ்சிரம் வறுபடுகிற வாசனை காற்றில் ஏறியது. நேராக லஸ்கரின் மூக்குக்கு வந்தது. அவர் சாவியைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. சாவி இருக்கும்வரை யார் திறக்க முடியும்? எழுந்து போய்விட்டார்.

அதே சமயம் சாலையில் வெடிச் சத்தம் கேட்டது. தலைவர் வந்துவிட்டார். பூரண கும்பம், நாதஸ்வரம், மாலைகள் எல்லாம் சாலையைப் பார்த்து ஓடின. உலகநாதன் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

ஐயாவு ஷட்டரைத் தொடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தேக்கத்தின் பின்பக்கம் போனார். கடலைப் பார்த்த பக்கத்தில் இரண்டு மூட்டைகளை நகர்த்தி, மணலை ஒரே வீச்சில் வாரி ஒதுக்கினார். மடை திறந்தது. ஈரக்காற்று உள்ளே புகுந்ததும் துவண்டு கிடந்தவைகூடத் தலையைத் தூக்கின. ஒன்று வந்தது, நாலு வந்தன, பிறகு மொத்தமாக மணலில் இறங்கிக் கடலைப் பார்த்துத் துடுப்படித்துக்கொண்டு ஓடின.

பாதி தூரம் போயிருக்கும். தலைவர் மேடை ஏறினார். மைக் செட்காரர் ஃபஹத் தனக்குச் சொல்லப்பட்டிருந்தபடி எல்லா ஃபோகஸ் விளக்குகளையும் ஒரே நேரத்தில் போட்டார்.

கடற்கரை வெள்ளை வெளேரென்று ஆனது. முன்னால் ஓடிய குஞ்சுகள் நின்றன. தயங்கின. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்துத் திரும்பி நடக்கத் தொடங்கின.

ஐயாவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, அங்க இல்லப்பா, இங்க, இங்க" என்று மண்டியிட்டுக் கையால் மறித்தார். ஒன்றை மறித்தால் பத்து ஒதுங்கிப் போனது. கவிப்ரியா ஒரு நொடி பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேடைக்கு ஓடினார். தலைவர் அப்போதுதான் ஆறாவது பொன்னாடையிலிருந்து தலையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க. ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பாத்துத்தான் போகும்."

உலகநாதன் குறுக்கே வந்தார். "மேடம், விளக்கு இல்லாம விழாவா? தலைவர் முகம் தெரிய வேணாமா?"

கவிப்ரியா அவரைப் பார்க்கவே இல்லை. "சார், மடை திறந்தா வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதான் வரும். இப்ப வெளிச்சம் இங்கதான் இருக்கு."

"இங்கன்னா?" என்றார் தலைவர்.

"மேடைக்கு."

தலைவர் கால்களைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டார். "மேடையில ஏறுமா?"

"மேடை தாழ்வாத்தான் சார் போட்டிருக்காங்க. உங்க கார் விளக்கும் எரியுது. கதவு திறந்துதான் கிடக்கு."

தலைவர் அந்தக் காரில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தெரியாமல் ஒன்று ஸீட்டுக்கு அடியில் ஏறிக்கொண்டு வீடுவரைக்கும் வந்துவிட்டால்? வாரியத்தில் நாற்காலி போனதோடு முடிந்தது. வீட்டில் கட்டில் பீரோ எல்லாம் புதிது.

"அணைங்கடா!" என்று மைக்கிலேயே கத்தினார். "எல்லா விளக்கையும் அணைங்க! கார் விளக்கை அணை! கதவைச் சாத்து! அந்தக் குத்துவிளக்கு எதுக்கு எரியுது? அதையும் அணை! எவனாவது செல்போன எடுத்தீங்கன்னா தொலைச்சுப்புடுவேன்!"

தலைவரின் கட்டளை ஒன்று அவ்வளவு சீக்கிரம் நிறைவேறியது அன்றுதான். கரை முழுக்க இருட்டியது. கடலின் மேல் மட்டும் வானத்து வெளிச்சம் மெலிதாக மிச்சமிருந்தது. குஞ்சுகள் நின்றன. மெதுவாக, ஒவ்வொன்றாக, கடலைப் பார்த்துத் திரும்பின.

பந்தலில் பின்வரிசையில் இருந்த நொச்சித்திட்டுக்காரர்களுக்கு எல்லையம்மாள் காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்திக்கொண்டார்கள். தலைவர் நாற்காலியின் மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, இருட்டிலேயே சிறப்புரை ஆற்றினார்.

"நான் இதுவரைக்கும் அந்தப் பிராணியை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அதன்மேல் எனக்குள்ள பாசம் உங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் பாசம் வைக்கலாம். பார்க்காமல், தொடாமல், அது இருக்கிற திசையில்கூடப் போகாமல் பாசம் வைப்பதுதான் இந்த வாரியத்தின் சாதனை. சிலர் எங்கள் வேலை மெதுவாக நடக்கிறது என்கிறார்கள். யாருக்காக வாரியம் வைத்திருக்கிறோமோ, அவர்களைவிட நாம் வேகமாகப் போனால் அது அவர்களை அவமதிப்பதாகாதா?"

இருட்டில் பலத்த கைதட்டல் எழுந்தது. பேச்சு நீண்டது. அவர் பேசப் பேச, கீழே ஈர மணலில் ஒவ்வொரு அலையும் ஒரு பிடியாக அள்ளிக்கொண்டு போனது. கடைசியாக ஒன்று மிச்சம். ஐயாவு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாரே, அதே சோர்ந்த குஞ்சாக இருக்கலாம். நாலு எட்டு வைத்து நின்றது, மறுபடி வைத்து நின்றது. ஐயாவு அதன் பின்னாலேயே தவழ்ந்து போனார். "போய்யா, போ சாமி, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினார். ஒரு பெரிய அலை வந்து அவரை இடுப்புவரை நனைத்துவிட்டுத் திரும்பியது. மணலில் ஒன்றும் இல்லை. ஐயாவு அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

பிறகு எழுந்தார். மருதவாடிக்காரர் அல்லவா? மூட்டைகளை இருந்த இடத்தில் வைத்து, மணலைப் பூசி, மண்வெட்டியின் முதுகால் தட்டி, சாக்கைப் போர்த்திவிட்டு, வேட்டியைப் பிழிந்துகொண்டு கடைசி வரிசையில் போய் நின்றார். லஸ்கர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார்.

பேச்சு முடிந்ததும் நிருபர்கள் படம் வேண்டும் என்றார்கள். தலைவர் மேடையில் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, இப்போது போடலாம் என்று அனுமதித்தார். விளக்குகள் எரிந்தன. லஸ்கர் ஷட்டர் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். உலகநாதன் பட்டுத்துணி போர்த்திய பொத்தானை நீட்டினார். தலைவர் அழுத்தினார். முக்கியஸ்தர்கள் வாய்க்காலில் பூத் தூவத் தயாராகக் கூடையோடு நின்றார்கள்.

ஷட்டர் கிறீச்சிட்டு உயர்ந்தது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீல வாய்க்கால் ஒவ்வொரு வளைவிலும் பளபளவென்று கிடந்தது. எதுவும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒருவர் பூவைத் தூவினார். பூ அங்கேயே கிடந்தது.

"எங்கய்யா?" என்றார் தலைவர்.

உலகநாதன் வாழ்நாளில் முதன்முறையாக ஆமை வைத்த தேக்கத்துக்குப் பக்கத்தில் போனார். இரண்டு விரலால் சாக்கைத் தூக்கினார். உள்ளே ஈர மணல் இருந்தது. கரையைப் பார்த்தார். உடைப்பு இல்லை. பூட்டைப் பார்த்தார். உடைத்த தடம் இல்லை. லஸ்கரைப் பார்த்தார். லஸ்கர் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். எங்கே போயிருக்கும்? செத்து மணலுக்குள் புதைந்துவிட்டதா? யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? எதுவானாலும் எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்தான்.

முப்பது வருட அனுபவம் அவரைக் கைவிடவில்லை. மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தபோது குரல் கணீரென்று இருந்தது.

"தலைவர் அவர்களின் பொற்கரத்தால் திறந்துவிடப்பட்ட பயனாளிகள் அனைவரும், எந்தத் தங்குதடையும் இன்றி, ஒன்றுகூட வீணாகாமல், கடைமடை வரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதைப் பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

தலைவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அவர் நம்பிவிட்டார். நாதஸ்வரம் எழுந்தது. கடைசி வரிசையில் ஈர வேட்டியோடு நின்ற ஐயாவு முதலில் கைதட்டினார். எல்லையம்மாள் தட்டினாள், கவிப்ரியா தட்டினார், நொச்சித்திட்டே எழுந்து நின்று, கை வலிக்க, கண்ணில் நீர் வர, சிரித்துக்கொண்டே தட்டியது. இப்படி ஒரு கைதட்டலை வாரியம் அதற்கு முன் வாங்கியதில்லை.

உலகநாதன் மட்டும் கைதட்டாமல் தேக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய் என்று நினைத்தவர் அந்தக் கடற்கரையிலேயே அவர் ஒருவர்தான்.